650 வாட் போட்டால் பில் கூடுமா? உப்புவெளியில் ஒரு பவர் சப்ளை மாற்றிய கதை

இலங்கையில், திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் கலியாண வீடியோ எடிற் பண்ணுகிற தம்பி ஒருவரின் கொம்பியூட்டர், ரெண்டர் (வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக்கும் வேலை) போட்டால் பாதியில் படக்கென்று இருண்டு தானாகத் திரும்ப எழும்புகிறது. நீலத் திரை வருவதில்லை, எச்சரிக்கையும் இல்லை. பாட்டுக் கேட்டால், யூடியூப் பார்த்தால் நாள் முழுக்க ஓடும். ரெண்டர் போட்டால்தான் கோபம். இந்த அறிகுறியோடு வரும் மெஷினில் விண்டோஸை அழித்துப் போடுவது வீண் வேலை. கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி, சுவர்க் கரண்டை மாற்றி உள்ளே பங்கிடும் பவர் சப்ளையின் லேபிளை வாசிப்பதுதான் முதல் வேலை.

உள்ளே இருந்தவை: கோர் ஐ5 12400எஃப், ஆர்டிஎக்ஸ் 3060 விஜிஏ கார்ட், 16 ஜிபி ரெம், ஒரு எஸ்எஸ்டி, பழைய ஃபுட்டேஜ் போட்டு வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். நல்ல மெஷின். விஜிஏ கார்ட் பிறகு வாங்கிப் பூட்டியது. பவர் சப்ளை மட்டும் கேசிங்கோடு சும்மா வந்தது. அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் பெரிதாக 500 வாட் என்று இருந்தது.

அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள சின்னக் கட்டங்களைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு 18 அம்பியர். 5 வோல்ட்டுக்கு 30. 3.3 வோல்ட்டுக்கு 28. மைனஸ் 12 வோல்ட்டுக்கு அரை அம்பியர், ஸ்டான்ட்பை 5 வோல்ட்டுக்கு 2. வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வாட். 12 வோல்ட் தருவது 216 வாட், 5 வோல்ட் 150, 3.3 வோல்ட் 92 சொச்சம், மற்ற இரண்டும் சேர்ந்து 16. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினாலும் 474தான் வருகிறது. லேபிளில் எழுதியவருக்கே கூட்டல் கணக்கில் அக்கறை இல்லை.

மிச்ச 26 வாட்டைக்கூட மன்னிக்கலாம். பிரச்சினை அந்த 216. இன்றைய கொம்பியூட்டரில் கரண்டைத் தின்னும் இரண்டு சாமான் சிபியுவும் விஜிஏ கார்டும். இரண்டுமே ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் 240 வாட்டுக்கு மேல் சும்மா கிடக்கிறது, அதை 12 வோல்ட் பக்கம் திருப்பி விடவும் முடியாது. இருபது வருடத்துக்கு முந்திய மெஷின்களுக்கு அந்தப் பிரிப்பு சரி. 3060 கார்ட் தனியாகவே 170 வாட் வரை எடுக்கும். 12400எஃப் சிபியுவுக்கு இன்டெல் போட்டிருக்கும் அடிப்படை அளவு 65 வாட், டர்போவில் 117 வரை. இரண்டும் சேர்ந்து ஓடும்போது 216 எங்கே போதும்?

சந்தேகத்தை உறுதி செய்ய மல்ரிமீற்றர் போதும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பழைய நாலு ஊசி மொலெக்ஸ் கனெக்டரில் ஒன்று சும்மா தொங்கியது. அதன் மஞ்சள் வயரில் சிவப்பு முனை, பக்கத்துக் கறுப்பில் கறுப்பு முனை. சும்மா இருக்கையில் 11.92 வோல்ட். கொம்பியூட்டர் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் என்பது ஐந்து சதவீதம் ஏறி இறங்கலாம், அதாவது 11.4இலிருந்து 12.6 வரை. ரெண்டர் போடச் சொன்னேன். 11.7, 11.5, 11.4 என்று படியிறங்கியது. 11.3 கண்ணில் பட்ட அடுத்த நொடி திரை கறுப்பு. பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு சாம்பல் நிற வயர் போகும். எல்லா வோல்ட்டும் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கே அந்த வயர். அந்த சிக்னல் விழுந்தால் மதர்போர்ட் யோசிக்காமல் ரீசெற் ஆகிவிடும். விண்டோஸுக்கு ஒரு வரி எழுதி வைக்கக்கூட நேரம் கிடைக்காது. எறர் லொக்கில் ஒன்றும் அகப்படாததும் அதனால்தான்.

வீடு கடற்கரைக்குப் பக்கம். வாடைக்காற்று காலத்தில் ஜன்னல் கம்பியிலேயே உப்புப் பிசுபிசுப்பு ஒட்டும். கேசிங்கின் பின்பக்க ஸ்க்ரூக்கள் துருவேறி, ஒன்றைக் கழற்றத் தலை வழுகிப்போய் பிளையர் பிடிக்க வேண்டியிருந்தது. பவர் சப்ளையின் காற்றாடி உள்ளே இழுப்பது இதே காற்றைத்தான். கழற்றிக் கையில் எடுத்தால் அந்த 500 வாட் பெட்டி, சாப்பாட்டுப் பார்சல் அளவுக்குத்தான் கனம். கனத்தை வைத்துத் தரம் சொல்வது எல்லா நேரமும் சரி வராதுதான். ஆனாலும் உள்ளே செம்பும் அலுமினியமும் இருக்க வேண்டிய சாமான் இவ்வளவு லேசாக இருந்தால் சந்தேகப்படலாம்.

திறந்து பார்த்தேன். இதை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். 230 வோல்ட் ஏசியைத் திருத்தி டீசியாக்கினால் உச்சம் 325 வோல்ட் கிட்ட வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிற்றரில் அது தங்கி நிற்கும். நான் ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீற்றரில் பூச்சியம் பார்த்த பிறகே கை வைப்பேன். உள்ளே, கரண்ட் நுழையும் இடத்தில் ஃபில்டர் கொயில் இருக்க வேண்டிய இரண்டு இடத்தில் வெறும் வயர்த் துண்டைப் பற்ற வைத்திருந்தார்கள். போர்டில் கொயிலின் படம் அச்சடித்திருக்கிறது, கொயில் இல்லை. வெளியே போகும் பக்கத்தில் மூன்று கப்பாசிற்றர்களின் தலை உப்பி, ஒன்றின் மேல் பழுப்புக் கசிவு. ஹீற்சிங்க் தகடு மெல்லியது. அதன் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி, செம்பு தெரிந்த இடமெல்லாம் பச்சை. கப்பாசிற்றர் மாற்றிக் கொடுக்கச் சிலர் கேட்பார்கள். இதற்கு நான் மாட்டேன் என்றேன். 216 வாட் பெட்டிக்குப் புதுக் கப்பாசிற்றர் போட்டாலும் அது 216 வாட் பெட்டிதான்.

அடுத்தது எந்த அளவு வாங்குவது. தம்பி ஏற்கெனவே தேடி வைத்திருந்தார். 3060 கார்டுக்கு என்விடியா சொல்வது 550 வாட் பவர் சப்ளை. அவருடைய நண்பர்கள் 750க்குக் குறைந்து வாங்காதே என்கிறார்கள். நான் 650 போதும் என்றேன். இந்தக் கதை முன் ஹோலில் நடக்கையில் தேத்தண்ணியோடு வந்த அவருடைய அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, இருக்கிற 500க்கே பில் இப்பிடி வருகுது. நீங்க 650, 750 எண்டு ஏத்திக்கொண்டு போனா நாங்க எங்க போறது?”

“அன்ரி, அது இழுக்கிற கணக்கில்ல. தேவைப்பட்டா குடுக்க ஏலும் எண்ட கணக்கு.”

“அப்ப அயன் பொக்ஸில 1000 வாட் எண்டு எழுதியிருக்கே, அது?”

கேள்வி நியாயமானது. அயன் பொக்ஸில், கேத்திலில், பல்பில் எழுதியிருப்பது அது எடுக்கும் கரண்ட். பவர் சப்ளையில் எழுதியிருப்பது அது மறுபக்கம் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு. ஒரே வாட், ஒரே மாதிரி எழுத்து. கடையில் இதைப் பிரித்துச் சொல்வாரும் இல்லை. கிணறு எவ்வளவு ஆழம் என்றாலும் மேலே வருவது வாளி கொள்ளும் தண்ணீர்தான் என்று சொன்னேன். அன்ரி தலையாட்டினார். நம்பிய தலையாட்டல் மாதிரித் தெரியவில்லை. அளந்தே காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

என்னிடம் பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் செருகும் சின்ன வாட் மீற்றர் ஒன்று இருக்கிறது. 13 அம்பியர் சதுர ஊசிக்கு ஏற்றது. வோல்ட், அம்பியர், வாட், பவர் ஃபாக்டர் எல்லாம் காட்டும். அதே மெஷினில் மூன்று பவர் சப்ளைகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தேன்: பழைய 500, புதிதாக வாங்கிய 650 வாட் 80 பிளஸ் பிரான்ஸ், என்னுடைய திருத்த மேசையில் எப்போதும் கிடக்கும் 750 வாட் கோல்ட். மொனிற்றரைத் தனிப் பிளக்கில் போட்டேன். மீற்றர் ஒரு எண்ணில் நிற்காமல் குதிக்கும். அடங்கிய பிறகு வந்த சராசரியைத்தான் கீழே எழுதுகிறேன்.

விண்டோஸ் திறந்து ஒன்றும் செய்யாமல் இருக்கையில் பழைய 500 வாட் பெட்டி சுவரிலிருந்து எடுத்தது 58 வாட். 650 எடுத்தது 54. 750 எடுத்தது 52. பெரிய எண் போட்ட பெட்டிதான் ஆகக் குறைவாக எடுத்தது.

டைம்லைனில் வெட்டி ஒட்டும் சாதாரண எடிற்றிங், பக்கத்தில் பிரவுசர்: 84, 77, 74. அதே வரிசைதான்.

சிபியுவையும் விஜிஏ கார்டையும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக ஓட விட்டால் 650இல் 325 வாட், 750இல் 308. பழையதில் இந்த எண் எடுக்க முடியவில்லை, அதற்குள் விழுந்துவிட்டது. ஆக, கடைசி மூச்சுவரை ஓட விட்டாலும் இந்த மெஷின் 650 வாட் பெட்டியில் பாதியைத் தாண்டவில்லை. தம்பி உண்மையில் போடும் ரெண்டர் அதைவிடக் குறைவு, 240க்கும் 270க்கும் இடையில் ஆடியது.

650உம் 750உம் ஏன் ஒரே எண்ணைக் காட்டவில்லை? உள்ளே சாமான்கள் கேட்கும் கரண்ட் ஒன்றேதான். அந்த முழுச் சுமையில் மெஷினின் உட்பகுதி எடுப்பது ஏறக்குறைய 280 வாட் என்று என் கணக்கு. மிச்சம் பவர் சப்ளை தன் பங்குக்குச் சூடாக்கி வெளியே ஊதுவது. 650 பிரான்ஸ் 45 வாட்டை அப்படிச் சூடாக்குகிறது, 750 கோல்ட் 28 வாட்டை. பிரான்ஸ், கோல்ட் என்பவை வாட் அளவைச் சொல்வதில்லை, இந்த வீணாக்கம் எவ்வளவு குறைவு என்பதைச் சொல்கின்றன. 80 பிளஸ் என்ற முத்திரை 2004இல் வந்தது. பெயரில் உள்ள 80, சுவரிலிருந்து எடுப்பதில் குறைந்தது 80 சதவீதமாவது மறுபக்கம் போக வேண்டும் என்பதற்கு. பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதமாவது, கோல்ட் 90 சதவீதமாவது கொடுக்க வேண்டும். நம்முடைய 230 வோல்ட்டில், அமெரிக்க 115 வோல்ட்டைவிட ஓரிரு சதவீதம் கூடவே கிடைக்கும்.

இந்தச் சதவீதம் எல்லாச் சுமையிலும் ஒன்றல்ல. நடுவில் நன்றாக இருக்கும், உச்சத்தில் கொஞ்சம் இறங்கும், அடியில் நன்றாகவே விழும். சாதாரண முத்திரைகளுக்கான சோதனை 20 சதவீதச் சுமைக்குக் கீழே போவதில்லை. டைட்டேனியம் என்ற மேல் வகுப்பில்தான் 10 சதவீதத்தையும் பார்க்கிறார்கள். தம்பியின் மெஷின் சும்மா இருக்கையில் உள்ளே எடுப்பது 42 வாட் அளவு. 650க்கு அது ஆறரை சதவீதம். அந்த இடத்தில் என் கணக்குப்படி பிரான்ஸ் பெட்டியின் திறன் 78க்குக் கிட்ட வந்து நிற்கிறது. மிகப் பெரிய பவர் சப்ளை வாங்கினால் கரண்ட் வீணாகும் என்று சொல்பவர்கள் பிடித்துக்கொள்ளும் நூல் இதுதான். நூல் உண்மை. ஆனால் 42 வாட்டில் நாலைந்து சதவீதம் என்பது இரண்டு வாட். அதற்காக யாரும் இரவில் விழித்திருக்கத் தேவையில்லை. 1200 வாட் பெட்டியை இந்த மாதிரி மெஷினுக்குப் போட்டால் காசுதான் வீண், பில்லில் அதன் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கவே கஷ்டம்.

உச்சமே 280 என்றால் 400 வாட் பெட்டி போதாதா என்று தம்பி கேட்டார். நல்ல கம்பனியின் 450 இதை ஓட்டிவிடும், சண்டை பிடிக்க மாட்டேன். கூட வைப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. விஜிஏ கார்ட் 170 வாட் என்றால் அது சராசரி. மில்லி செக்கன் கணக்கில் அதற்கு மேலே துள்ளி விழும், சுவரில் செருகும் மீற்றருக்கு அந்தத் துள்ளல் தெரியவே தெரியாது. இந்தத் துள்ளல்கள் கூடிப்போனதால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், பெரிய பவர் சப்ளைகள் தம் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ செக்கனுக்குத் தாங்க வேண்டும் என்று எழுதினார்கள். இன்னொன்று நம்முடைய வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் அந்த அறைக்குள் 34, 35 பாகை சாதாரணம். கேசிங்குக்குள் அதற்கும் மேல். பாதிச் சுமையில் ஓடும் பெட்டியின் காற்றாடி மெதுவாகச் சுற்றும், உப்புக்காற்றையும் குறைவாகத்தான் உள்ளே இழுக்கும், கப்பாசிற்றரும் நாள் நிற்கும். என்விடியா 550 என்று சொல்வதும் இந்த மாதிரி எல்லாவற்றையும், எங்களுடைய பழைய பெட்டி மாதிரியானவற்றையும் மனதில் வைத்துத்தான். அந்த 550ஐ வைத்துக் கார்ட் 550 வாட் எடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

650ஐப் பூட்டி முடித்து ரெண்டர் போட்டேன். மொலெக்ஸில் 12.06 வோல்ட், முழுச் சுமையில் 12.01. ஆட்டமில்லை. மூன்று மணி நேர கலியாண வீடியோ ஒன்று அசையாமல் முடிந்தது. தம்பிக்கு அதோடு வேலை முடிந்தது. அன்ரிக்கு முடியவில்லை. என்னுடைய மீற்றர் என்னுடைய பக்கம்தானே பேசும் என்று அவர் வாயால் சொல்லவில்லை, முகத்தில் இருந்தது.

ஆகவே வீட்டின் மீற்றரையே சாட்சிக்குக் கூப்பிட்டோம். விறாந்தையில், முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மின்சார சபையின் எலக்ட்ரோனிக் மீற்றர். அதில் ஒரு சின்னச் சிவப்பு லைட் மினுங்கும். பக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு 1600 என்று அச்சடித்திருக்கும். சில மீற்றர்களில் 800, சிலவற்றில் 3200. ஒரு யூனிட் ஓடுவதற்குள் லைட் 1600 தரம் மினுங்கும் என்று அர்த்தம். அப்படியென்றால் இரண்டு மினுங்கலுக்கு இடையில் எத்தனை செக்கன் என்று பார்த்து, 2250ஐ அதனால் வகுத்தால் அந்த நேரம் வீடு எடுக்கும் வாட் வந்துவிடும். 1600 என்று எழுதிய மீற்றருக்குத்தான் இந்த 2250. மற்றவற்றுக்கு 36 இலட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் பெட்டியில் அறைப் பிளக் லைனை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கீழே இறக்கினோம். ஃபிரிஜ், காற்றாடி, றவுட்டர் எல்லாம் நின்றன. மொனிற்றர் பிளக்கையும் பிடுங்கியாயிற்று. மெஷின் சும்மா ஓடுகிறது. அன்ரி கையில் ஃபோன், ஸ்ரொப்வொட்ச் திறந்தபடி. லைட் மினுங்கியதும் தட்டினார். அடுத்த மினுங்கல் வர மாட்டேன் என்கிறது. “இது செத்துப் போச்சோ?” என்றார். 42 செக்கனில் மினுங்கியது. 2250ஐ 42ஆல் வகுத்தால் 53 சொச்சம்.

பிறகு தம்பி உள்ளே இருந்து முழுச் சுமையை ஓட விட்டார். மினுங்கல் ஓடத் தொடங்கியது. ஒன்றொன்றாகப் பிடிப்பது கஷ்டம் என்பதால் பத்து மினுங்கலுக்கு நேரம் எடுத்தோம்: 69 செக்கன். ஒன்றுக்கு 6.9. வகுத்தால் 326 வாட். என்னுடைய மீற்றர் 325 என்றது. ஒரு வாட் வித்தியாசத்தில் இரண்டு மீற்றரும் ஒரே வாயாகச் சொன்ன பிறகுதான் அன்ரி ஃபோனைக் கீழே வைத்தார். பிறகு தானாகவே குசினி லைனை மேலே தூக்கி, ஃபிரிஜ் எடுக்கும்போது எவ்வளவு வேகமாக மினுங்குகிறது என்று எண்ணத் தொடங்கிவிட்டார். இதற்கு ஐந்து சதம் செலவில்லை. எந்தக் கடையிலும் மீற்றர் வாங்கத் தேவையில்லை. மெனக்கெட்டு எல்லா லைனையும் இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாதக் கணக்குக்கு வருவோம். தம்பி நாளுக்கு ஐந்து மணி நேரம் வெட்டி ஒட்டுகிறார், இரண்டு மணி நேரம் ரெண்டர். ரெண்டரை முழுச் சுமையென்றே வைத்துக்கொள்கிறேன், கணக்குக் கூடினாலும் குறையக் கூடாது. 77 வாட்டில் ஐந்து மணி 0.385 யூனிட், 325 வாட்டில் இரண்டு மணி 0.65. நாளுக்கு ஒரு யூனிட் சொச்சம், 30 நாளுக்கு 31 யூனிட். அதே வேலையை 750 கோல்டில் செய்தால் ஒன்றரை யூனிட் குறையும். அன்ரி பயந்தபடி 650 வாட்டும் ஏழு மணி நேரம் முழுசாக இழுக்குமென்றால் 136 யூனிட்டுக்கு மேல் வந்திருக்க வேண்டும். பழைய பெட்டியைவிடப் புதியது சாதாரண வேலையில் 7 வாட் குறைவாக எடுப்பதால், உண்மையில் பில் இறங்கும் பக்கம்தான் போகிறது. கையில் காசு மிஞ்சும் அளவுக்கு இல்லை, ஒரு மாதத்துக்கு ஒரு யூனிட்.

31 யூனிட் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. நம்முடைய வீட்டு பில் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. பிறகு 90, 120, 180 என்று படிகள், படிக்குப் படி நிலையான கட்டணமும் ஏறும். வீடு ஏற்கெனவே 100 யூனிட்டில் நின்றால், இந்த 31 அதை 120க்கு மேலே தள்ளிவிடும். ஆகவே பில்லைக் குறைக்க விரும்புகிறவர் பார்க்க வேண்டியது மெஷின் ஓடும் மணி நேரத்தை. ரெண்டர் முடிந்து இரவு முழுக்க மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் எட்டு மணி நேரத்துக்கு 54 வாட், மாதத்தில் 13 யூனிட். ரெண்டர் முடிந்ததும் தானாக ஷட்டவுண் ஆகும்படி செற் பண்ணிக் கொடுத்தேன். இது பவர் சப்ளை மாற்றியதைவிட அன்ரிக்கு அதிகம் பிடித்தது.

ஷட்டவுண் செய்த பிறகும் மீற்றரில் 2 வாட் நின்றது. ஸ்டான்ட்பை 5 வோல்ட் உயிரோடு இருக்கும், பட்டனை அழுத்தினால் மெஷினை எழுப்ப அது வேண்டும். மாதத்துக்கு ஒரு யூனிட். சுவர் சுவிட்சை நிறுத்தினால் அதுவும் போகும்.

இனி யூபிஎஸ், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வாங்கியது, 650 விஏ. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்ட அன்று அது ஒரு தரம் ‘பீப்’ என்றுவிட்டு அணைந்ததாம். பற்றரி செத்துவிட்டது. பெயரில் 650 இருப்பதால் 650 வாட் பவர் சப்ளைக்குச் சரியான ஜோடி என்று தம்பி நினைத்திருந்தார். இரண்டு 650க்கும் ஒட்டில்லை உறவில்லை. யூபிஎஸ்ஸின் 650 விஏ என்பது வோல்ட்டை அம்பியரால் பெருக்கியது. அதன் பின்பக்கம் 360 வாட் என்று தனியாக எழுதியிருந்தது. அதுதான் அதன் உண்மையான வரம்பு. முழுச் சுமையில் மெஷின் 325, மொனிற்றர் 22. கூட்டினால் 347. விளிம்பில் நிற்கிறது.

பழைய பவர் சப்ளையோடு இருந்திருந்தால் விஏ கணக்கும் இடித்திருக்கும். அது சும்மா இருக்கையில் 58 வாட் எடுத்தபோது பவர் ஃபாக்டர் (வாட்டை விஏவால் வகுத்தால் வருவது) 0.58, அதாவது லைனில் ஓடிய விஏ 100. வீட்டு மீற்றர் வாட்டைத்தான் எண்ணுவதால் பில்லில் இது தெரியாது, யூபிஎஸ்ஸுக்கு மட்டும் தெரியும். புதிய பெட்டியில் பவர் ஃபாக்டரைத் திருத்தும் சுற்று இருப்பதால் சுமையில் 0.97 காட்டியது. அதில் ஒரு சிக்கலும் உண்டு. மலிவான யூபிஎஸ் பற்றரியில் ஓடும்போது கொடுக்கும் அலை வழவழப்பாக இராது, படிக்கட்டாக இருக்கும். இந்தச் சுற்றுள்ள சில பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் மாறும் நொடியில் நின்றுவிடும். புதுப் பற்றரி போட்டு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில் சுவர் சுவிட்சை நிறுத்திப் பார்த்தோம். சும்மா இருக்கையிலும் தாங்கியது, ரெண்டரிலும் தாங்கியது. வாங்கிய கையோடு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், கரண்ட் போகும் நாள்வரை காத்திருக்காமல்.

பற்றரி 12 வோல்ட், 7 அம்பியர் மணி. பெருக்கினால் 84 வாட் மணி. ரெண்டர் ஓடுகையில் கரண்ட் போனால் சேவ் பண்ண நாலைந்து நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். ரெண்டரை நிறுத்தி மொனிற்றரோடு 76 வாட்டுக்கு இறங்கினால் கணக்குப்படி ஒரு மணி நேரம், மாற்றும் இழப்பெல்லாம் போக அரை மணி நேரம் என்று வையுங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று யூபிஎஸ்ஸை மட்டும் என் மீற்றரில் போட்டுப் பார்த்தேன். பற்றரி நிறைந்த பிறகு, அதில் ஒன்றும் செருகாமல், 8 வாட். அது 24 மணி நேரமும் ஓடுவது. மாதத்துக்கு ஐந்தே முக்கால் யூனிட். 650க்கும் 750க்கும் இடையில் நாங்கள் இவ்வளவு நேரம் தேடிய வித்தியாசம் ஒன்றரை யூனிட். மொனிற்றர் மாதம் முழுக்க எடுப்பதே நாலரை சொச்சம்.

“அப்ப உந்தப் பெட்டிதான் கள்ளனோ?” என்றார் அன்ரி.

வேலை முடிந்து மெஷினை நிறுத்தியதும் யூபிஎஸ் பட்டனையும் அழுத்தி, சுவர் சுவிட்சையும் நிறுத்தலாம். சில நாள் விட்டுவிட்டுப் போவதென்றால் பற்றரி இறங்கிக் கிடக்காமல் போகும் முன் ஒரு தரம் நிறையச் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். யூபிஎஸ்ஸின் பற்றரிப் பக்கத்தில் மெஷினையும் மொனிற்றரையும் மட்டும் செருகிவிட்டேன். தம்பியின் லேசர் பிரிண்டரும் அதில்தான் தொங்கியது. அதைச் சுவருக்கு மாற்றினேன். தாளைச் சுடவைக்க அது ஒரே மூச்சில் பல நூறு வாட் எடுக்கும், 360 வாட் யூபிஎஸ் அதற்குத் தாங்காது.